வில்லனுக்கு லேபல் ஒட்டியவர்

ஊவா மாகாணத்தில் காய்ச்சலுக்கு மருந்தும் வில்லனுக்கு வசனமும் ஒரே கையெழுத்தில் எழுதிக் கொடுத்தவர் லேபல்காரர் ஒருவர்தான். தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர். கடுகளவு லேபலிலும் 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்று முத்து முத்தாக எழுதுவார். அதனால் வந்த பெயர்.

நான் அந்தத் தோட்டப் பாடசாலையின் அதிபர். யாழ்ப்பாணத்தில் படித்தவன். தமிழில் பிழை கண்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. வாசிப்புப் பாடவேளை வந்தால் ஐந்தாம் வகுப்பு வாசுகிக்குத் தலைவலி வந்துவிடும். டிஸ்பென்சரிக்கு அனுப்புவேன்.

"எப்பருந்து வலிக்குது?" என்று லேபல்காரர் கேட்டாராம்.

"புத்தகத்தத் தொறந்ததுலருந்து, டொக்டர் ஐயா."

மாத்திரைக்குப் பதிலாக, தான் இளவயதிலிருந்து சேர்த்த படக்கதைப் புத்தகங்களில் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அட்டை மடங்கினாலே மூன்று நாள் பட்டினி கிடப்பவர் அவர். அதில் வில்லன், "நயவஞ்சகனே, உன் அஸ்தமனம் நெருங்கிவிட்டது" என்கிறான்.

"அஸ்தமனம்னா சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேட்டாள் வாசுகி.

அன்றைக்கே மிஞ்சிக் கிடந்த லேபல்களை வெட்டி, பேச்சுக் குமிழ்களின் மேல் ஒட்டி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பேச்சில் எழுதத் தொடங்கினார். வில்லன் இப்போது, "நாளைலருந்து ஒனக்குப் பேர் இல்லடா" என்றான். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். பிள்ளைகள் நடுங்கிப்போனார்கள். வெற்று லேபல் தீர்ந்தபோது மருந்துப் போத்தலுக்கு அச்சடித்ததையே ஒட்டினார். கத்தியை ஓங்கிய கொள்ளைக்காரன், "பாவிக்குமுன் நன்றாகக் குலுக்கவும்" என்றான். மறுநாள் மைதானத்தில் சண்டைக்காரர்கள் எல்லாரும் எதிரியின் சட்டையைப் பிடித்து அதையே சொன்னார்கள்.

தலைவலி தொற்றுநோயானது. ஒரு செவ்வாய்க்கிழமை வகுப்பில் இரண்டு பேர்தான் மிச்சம். அவர்களும் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். டிஸ்பென்சரிக்குப் போனேன். வாசுகி பெஞ்சில் ஏறி நின்று உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் வாசிக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. லயத்துப் பேச்சு எழுத்தில் ஏறியிருப்பதை மட்டும் கண்டேன்.

"இது தமிழோ?" என்றேன்.

"வாசிக்கிறாங்களே, சேர்" என்றார் லேபல்காரர்.

லேபல் ஒட்டிய பதினெட்டுப் புத்தகங்களையும் பறித்துக்கொண்டு வந்தேன். கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆவியில் பிடித்து லேபல்களை உரித்தேன். லேபலோடு அச்சும் உரிந்து வந்தது. ஒரு புத்தகத்தோடு நிறுத்தியிருக்கலாம். பதினெட்டையும் உரித்தேன். இதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் வகுப்பில் வாசுகி அவற்றில் ஒன்றைப் புரட்டினாள். படங்களில் எல்லாரும் வாயைத் திறந்தபடி பேச்சில்லாமல் நின்றார்கள். மூடிவைத்துவிட்டு, "தல வலிக்குது சேர்" என்றாள். இந்த முறை பொய் சொல்லவில்லை. இனி இவள் புத்தகத்தைத் தொடவே மாட்டாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

புத்தகங்களைக் கொண்டுபோய் லேபல்காரர் முன்னால் வைத்து, "பிழை செய்துபோட்டன், மன்னிக்கவேணும்" என்றேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"பேச்சு மட்டுந்தான் சேர் போயிருக்கு. ஆளுங்க உசுரோடதான் இருக்காங்க."

அடுத்த வாசிப்புப் பாடவேளைக்குப் பென்சில் கட்டோடு வகுப்புக்கு வந்தார். "இவங்களுக்கெல்லாம் தொண்ட கட்டிப்போச்சு. நீங்க பேசி உடுங்க" என்றார்.

முதலில் எழுதி முடித்து எழுந்து நின்றவள் வாசுகி. அவள் கதையில் வில்லன் யாழ்ப்பாணத் தமிழ் பேசினான்: "ஏன் பிள்ளை, இண்டைக்கும் பிந்தி வந்தனீர்?"

வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. லேபல்காரர் ஜன்னல் வழியே தேயிலையைப் பார்த்தார். "உச்சரிப்பு நல்ல திறம்" என்றேன். அதற்குப் பிறகுதான் சிரித்தார்கள்.

இன்று அந்தப் பாடசாலையில் பிள்ளைகள் தாங்களே வரைந்து எழுதிய படக்கதைகள் ஓர் அலுமாரி நிறைய இருக்கின்றன. பதுளையிலிருந்து ஆசிரியர்கள் வந்து பார்க்கிறார்கள். நான் ஓய்வுபெற்றுவிட்டேன். எந்தப் பாடசாலையில் அதிபராக இருந்தீர்கள் என்று கேட்பவர்களிடம், லேபல்காரர் இருக்கிற தோட்டத்தில் என்று சொல்கிறேன். அவர் யார் என்று கேட்டால், உட்காரச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன்.