பாடு திருடிய பதினோரு பேர்

நீர்ச்சாமி ஏரிக்கரை மீனவர் ஊரான தோணிரேவில் வந்து இறங்கியதிலிருந்து ஊர் ஆண்களுக்குப் பக்தி முற்றிவிட்டது. ஆளுக்கொரு சீசாவோடு வரிசையில் நின்றார்கள். சீசாவில் அவரவர் சிறுநீர். அனுப்பம்பட்டு ரயிலடியிலிருந்து ஷேர் ஆட்டோவில், சிந்தாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

சாமியின் பெயர் நீலமேகம். அவருடைய விஞ்ஞானம் எளிது. பித்தளைத் தட்டில் மஞ்சள்தூள் பரப்புவார். அதன்மேல் 'ஏரி விபூதி' தூவுவார். சீசாவைச் சாய்ப்பார். தட்டு ரத்தமாகச் சிவக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். சிவக்காமல் போன ஆள் இதுவரை கிடையாது.

"அடுத்தவன் பாடு திருடிக்கீற. அதான் ஏரியம்மா உன் நீர்ல நெருப்பு வச்சுட்டா."

ஏரியில் எந்தத் துறையில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்று ஊர்க்கூட்டம் முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கும். அதற்குப் பெயர் பாடு. இன்னொருவர் முறையில் வலை போட்டால் அது திருட்டு. அந்தத் திருட்டுக்குச் சிறுநீர் எரியும் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சாமி சொன்னார். சந்தோஷமாக நம்பினார்கள்.

சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. நோய் பொய்யில்லை. சிறுநீர் போனால் எரிந்தது, சீழ் வந்தது. எங்கே போய் வாங்கி வந்தது என்பதும் பெரும்பாலும் அவரவருக்குத் தெரியும். படுக்கையில் தொற்றும் நோய். ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது. ஆனால் டாக்டர் மருந்தோடு நிறுத்துவதில்லை. "சம்சாரத்தையும் கூட்டிட்டு வாங்க" என்பார். அதைக் கேட்டுத்தான் பலர் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

நீர்ச்சாமி நோய்க்கு மருந்து கொடுக்கவில்லை. மனைவியிடம் சொல்ல ஒரு கதை கொடுத்தார். பரிகாரமும் உண்டு. இடுப்பளவு தண்ணீரில் கிழக்குப் பார்த்துக் கணவன் உட்கார வேண்டும், தலையில் மனைவி குடம் குடமாக ஊற்ற வேண்டும். ஊசி மட்டும் போடக் கூடாது. ஏரியம்மாவுக்கு ஊசி பிடிக்காது.

இதில் ஊர்த் தலைவர் தருமலிங்கத்துக்குத்தான் தலைவலி. பதினோரு பேர் முகத்துவாரப் பாடு திருடியதாக ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எல்லோரும் ஒரே செவ்வாய்க்கிழமை. அன்றைய முறைக்காரர் பொன்னுரங்கம்.

"பதினோரு படகு உன் துறையில நின்னுக்குது. கண்ணுல படலயாய்யா?"

"இன்னா தலைவரே, அன்னைக்கு எனக்கு நல்ல இறாலு. பக்கத்துல கொக்கு கூட நிக்கல."

"அப்போ இன்னாத்தத் திருடுனானுங்க?"

"அதான் எனக்கும் புரியல. கேட்டா மன்னிச்சுக்கோனு கால்ல விழுறானுங்க. எனக்கே கூச்சமா கீது."

பன்னிரண்டாவதாகச் சேர்ந்தவன் பிரவீன். வடக்கே லாஞ்சு என்கிற பெரிய விசைப்படகில் மீன்பிடி வேலைக்குப் போய்த் திரும்பியவன். மனைவி அம்பிகா நாலு மாதக் கர்ப்பிணி.

"அம்பிகா, நான் பாடு திருடிட்டேன். முகத்துவாரத்துல. செவ்வாக்கெழம."

"எந்தச் செவ்வா?"

"அதான், எல்லாரும் போன செவ்வா."

"அன்னைக்கு நீ லாஞ்சுல இருந்த. சுத்தித் தண்ணிதான், கரையே தெரிலனு போன்ல சொன்னியே."

பிரவீன் யோசித்தான். "ஏரியம்மா நெனச்சா எங்கிருந்தாலும் இழுத்துனு வந்துருவா."

பாடு திருடினேன் என்றால் நீர் எரிகிறது என்று அர்த்தம்; அது அம்பிகாவுக்குப் புரிந்தது. பொன்னேரியில் செக்கப்புக்குப் போனபோது டாக்டரம்மா கேட்டிருந்தார்: "வீட்டுக்காரருக்கு நீர் எரிச்சல் இருக்கா? இருந்தா உடனே சொல்லணும். உங்களுக்கு ஒண்ணுமே தெரியாம உள்ள இருக்கும். பொறக்கும்போது குழந்தை கண்ணப் பாதிக்கும். ரெண்டு பேரும் சேர்ந்து மருந்து எடுத்துக்கணும்."

அவள் சண்டை போடவில்லை. "சரி, சாமிகிட்ட போலாம். சீசாவ நானே எடுத்தாறேன்" என்றாள்.

சாமியின் இடத்தில் பெண்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கலாம். பெண் நிழல் விழுந்தால் தட்டு சிவக்காதாம். சாமி சீசாவைச் சாய்த்தார். சிவந்தது.

"பிரவீனு. முகத்துவாரம். செவ்வாக்கெழம."

"ஆமா சாமி" என்றான் பிரவீன். திருடன் பட்டம் வாங்கியவன் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

அம்பிகா கயிற்றைத் தாண்டினாள்.

"சாமி, அது என்னுது."

"இன்னாது?"

"சீசால இருந்தது. காலைல நான் புடிச்சது. எனக்குப் படகும் இல்ல, வலையும் இல்ல, பாடு முறையும் இல்ல. நான் எதத் திருடுனேன்?"

சாமி கண்ணை மூடித் திறந்தார். "புருஷன் பாவம் பொண்டாட்டி நீர்ல எறங்கிக்குது."

கூட்டம் மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவர்களைச் சொல்லிப் பயனில்லை.

அம்பிகா பக்கத்திலிருந்த இன்னொரு தட்டை இழுத்தாள். மஞ்சள்தூள் பரப்பினாள், விபூதி தூவினாள், சாமி குடிக்கிற கேனிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். சிவந்தது.

"கேன் தண்ணியும் பாடு திருடிச்சா சாமி?"

மூன்றாவது தட்டில் விபூதி போடாமல் ஊற்றினாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

அதற்குள் மற்றப் பெண்களும் கயிற்றைத் தாண்டிவிட்டார்கள். செல்வம்மாள் தட்டை எட்டிப் பார்த்தாள்.

"அடியே, இது ஆரத்திடி. மஞ்சளும் சுண்ணாம்பும். உன் கல்யாணத்துக்கு நான்தான கரைச்சேன்."

மனோரமா விபூதியை விரலில் தேய்த்துப் பார்த்தாள். "ஏரிக் கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பு. நம்ம சுண்ணாம்ப நமக்கே பூசிக்கீறான் பாரு."

கயிறு ஏன் கட்டப்பட்டது என்று அப்போதுதான் விளங்கியது. ஆரத்தி கரைக்காத பெண் அந்த ஊரில் இல்லை. மாலையும் கழுத்துமாக அதன் எதிரே நின்ற ஆண்களோ, அது எப்படிச் சிவந்தது என்று கேட்டதே இல்லை.

கேட்பதற்குச் சாமியும் இல்லை. செருப்பை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டிருந்தார்.

"அப்போ என் இறால யாரும் திருடலயா?" என்றார் பொன்னுரங்கம். அங்கே மகிழ்ந்தவர் அவர் ஒருவர்தான்.

திருடவில்லை என்றால் எரிச்சல் எப்படி வந்தது? பதினோரு மனைவிகள் பதினோரு கணவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். திருட்டுப் பட்டம் போனதற்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

பிரவீன் தரையைப் பார்த்தபடி பேசினான். "லாஞ்சு கரைக்கு வந்தப்போ, கூட்டாளிங்களோட போனேன். தப்பு பண்ணிட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுனு தெரில."

அம்பிகா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"இத வீட்லயே சொல்லிருக்கலாம். உன்மேல எனக்குக் கோவம் கீது. எவ்ளோனு அப்புறம் சொல்றேன். இப்போ பொன்னேரிக்கு நட. கொழந்த காத்துனு இருக்காது."

அன்றைய பொன்னேரி பஸ்ஸில் தோணிரேவுத் தம்பதிகள் நிறையப் பேர். மனைவிகள் முன்பக்கம், கணவர்கள் பின்பக்கம் உட்கார்ந்து வந்தார்கள். ஆனால் ஜோடி ஜோடியாகத்தான் இறங்கினார்கள்.

கிருமிக்குச் சாபமும் தெரியாது, பரிகாரமும் தெரியாது. வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிற வீடு கிடைத்தால் போதும், வாடகையில்லாமல் குடியிருக்கும். அந்த வெட்கத்தை நம்பித்தான் அடுத்த ஊரில் அடுத்த சாமி இறங்கிக்கொண்டிருக்கிறார். வாயைத் திறக்கக் கூச்சமாக இருந்தால், மூளையையாவது திறந்து வையுங்கள்.