எட்டாவது போல்ட்டும் அரைச்சுத்தும்

எந்த வேலையையும் முழுதாக முடிக்காமலே வடசென்னையில் பெரும்புகழ் பெற்ற மெக்கானிக் ஒருவர்தான். அவர் பெயர் அரைச்சுத்து. பெற்றோர் வைத்த பெயர் வேறு ஏதாவது இருந்திருக்க வேண்டும். காசிமேட்டில் அது தெரிந்த ஆள் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

பெயர்க் காரணம் எளியது. எந்த போல்ட்டை முடுக்கினாலும் கடைசி அரைச்சுற்றை மிச்சம் வைப்பார். ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, "மிச்சத்த நாளிக்கி வெச்சிக்கலாம்" என்று எழுந்துவிடுவார். விசைப்படகு முதலாளிகள் கத்திப் பார்த்திருக்கிறார்கள், கெஞ்சிப் பார்த்திருக்கிறார்கள். ஒருமுறை ஐஸ் கம்பெனிக்காரர் ஒருவர் கதவைப் பூட்டி உள்ளேயே உட்கார வைத்துவிட்டார். அரைச்சுத்து பதறவில்லை. ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் பக்கத்திலேயே துண்டை விரித்துப் படுத்து, மறுநாள் காலை எழுந்து, எல்லா போல்ட்டுகளுக்கும் மிச்ச அரைச்சுற்றையும் வைத்துவிட்டு, நாஸ்தா கேட்டார்.

அவருக்கு இது தொழில் முறை மட்டுமல்ல, வாழ்க்கை முறையும்கூட. வீட்டு வாசலிலேயே நிற்கும் பஸ்ஸில் ஏறினாலும் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்து வருவார். டீயில் கடைசி இரண்டு மடக்கு எப்போதும் கிளாஸிலேயே நிற்கும். அவருடைய மனைவியிடம் ஒருமுறை இதைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்த அம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "தாலியில மூணாவது முடிச்ச இவுரு அக்காதான் போட்டாங்க. அதனாலதான் எனுக்குக் கல்யாணம் முடிஞ்சுது."

நான் இதற்கு நேர்எதிர். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய படகுப் பட்டறை ஒன்றில் ஸ்டோரைக் கவனித்துக்கொண்டு, வேலைச் சீட்டு எழுதுபவன். எல்லோருக்கும் நான் 'ரைட்டர்'. பதினோரு ஆண்டுகளாக ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பும் எழுதுகிறேன். காலை காற்று எந்தத் திசை, எந்தப் படகு மேலே ஏறியது, யார் எந்த ஸ்பேனரை வாங்கிப் போய் எத்தனை மணிக்குத் திருப்பித் தந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். வேலைச் சீட்டில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு கட்டம் போட்டிருப்பேன். முடுக்கியதும் டிக் செய்ய வேண்டும். அரைச்சுத்து பட்டறைக்குள் வந்த நாளிலிருந்து என் கட்டங்கள் எல்லாம் ஒரு ராத்திரி காலியாகக் கிடந்து தவித்தன.

என் மேஜை டிராயரின் கைப்பிடி ஒருநாள் கையோடு வந்துவிட்டது. அரைச்சுத்துதான் மாட்டிக் கொடுத்தார். இரண்டு திருகாணி. ஒன்றை முடுக்கினார், மற்றதில் அரைச்சுற்றை விட்டார். "நாளிக்கி வந்து பாக்கறேன் ரைட்டரே" என்றார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, புரட்டாசி கடைசியில், பெர்னாந்து கேப்டனின் பாய்ப்படகு எங்களிடம் வந்தது. கேப்டன் தூத்துக்குடிக்காரர். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வுபெற்றவர், எழுபத்தொரு வயது. அந்தப் படகில் சொந்த ஊருக்குப் பாய் விரித்துப் போக வேண்டும் என்பது அவருடைய பத்து வருட ஆசை. டீக்கடையில் ஒருவர், பாய் இருக்கும்போது இன்ஜின் எதற்கு என்று கேட்டாராம். "இந்தத் துறைமுகத்துல நிக்கிற போட்டுக்கு நடுவுல நீ பாய விரிச்சு வெளிய போய்க் காட்டு வே, நான் மீசைய எடுக்கேன்" என்றார் கேப்டன்.

பிரச்சினை அந்த இன்ஜின்தான். சின்ன டீசல் இன்ஜின். ஆனால் ஓடத் தொடங்கினால் படகு முழுவதும் நடுங்கும். அடுப்பு மேல் இருக்கும் தட்டுகள் தாளம் போடும். கேப்டனின் பல்செட் அவர் பேசாதபோதும் பேசும். இன்ஜினைத் தாங்கும் நான்கு ரப்பர் மவுண்டிங்குகளும் எண்ணெய் குடித்து ஊறிப் பிய்ந்திருந்தன.

கேப்டனின் மகன் எண்ணூரில் பெரிய வேலையில் இருப்பவர். அப்பா இந்த வயதில் கடலுக்குப் போவதில் அவருக்குச் சம்மதமில்லை. படகை வாங்க ஆளும் பார்த்து வைத்திருந்தார்: கடற்கரைச் சாலையில் ஓட்டல் நடத்தும் ஒருவர், அதை வாசலில் நிறுத்தி உள்ளே ஐஸ்கிரீம் விற்கப் போகிறாராம். கடைசியில் அப்பாவும் மகனும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மகன் வருவார். இன்ஜின் மூடி மேல் விளிம்பு வரை டீ ஊற்றிய கிளாஸ் ஒன்றை வைப்பார்கள். வெளியே போய்த் திரும்பும்வரை டீ சிந்தாவிட்டால், கேப்டன் மழைக்கு முன் ஊருக்குக் கிளம்பலாம். சிந்தினால் ஐஸ்கிரீம்.

அரைச்சுத்து புதன்கிழமை வேலையைத் தொடங்கினார். படகுக்குள் இறங்கும் வாசல் மேல் சவுக்குக் கட்டையைக் குறுக்கே போட்டு, செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, இன்ஜினைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு விரல் உயரம் தூக்கினார். பழைய மவுண்டிங்குகளைக் கழற்றிப் புதியவற்றை வைத்தார். ஒன்றுக்கு இரண்டு வீதம் எட்டு போல்ட். வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு எட்டையும் முடுக்கினார். எட்டிலும் அரைச்சுற்று மிச்சம்.

"ஏன் வே, ஒரேயடியா முடுக்கினா என்ன?" என்றார் கேப்டன்.

"ரப்பரு புச்சு கேப்டனு. இன்ஜினு இப்பதான் மேல குந்திக்கீது. கல்யாண வூட்ல புச்சா வந்தவன் மாரி விறைப்பா இருக்கும். ஒரு ராத்திரி போனா சாஞ்சு குந்தும். அப்பால பின்னால விசிறிய சுத்தற ஷாஃப்ட்டோட நேரா கீதான்னு பாத்துட்டு மிச்சத்த வெச்சா, சாவறவரைக்கும் ஆடாது."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் சீட்டில் எட்டுக் கட்டங்கள் காலியாக இருந்தன.

இனி வருவதை நான் அன்றைய நாட்குறிப்பில் எழுதவில்லை. பதினோரு ஆண்டுகளில் நான் மறைத்த ஒரே விஷயம் அது.

மதியம் பட்டறையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். என்னிடம் சொந்தமாக ஒரு டார்க் ரெஞ்ச் உண்டு. எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று அதில் வைத்துவிட்டால், அந்த இறுக்கம் வந்ததும் 'டக்' என்று ஒலிக்கும். உலகத்தில் எனக்கு மிகப் பிடித்த ஒலி அதுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகில் இறங்கினேன். இன்ஜின் கம்பெனிப் புத்தகத்தில் இருந்த எண்ணை வைத்தேன். முதல் போல்ட், டக். இரண்டாவது, டக். ஏழு போல்ட்டுகளும் நல்ல பிள்ளைகளாகப் பதில் சொல்லின. எட்டாவது இடதுபக்கம், கியர் பெட்டிக்கு அடியில், கை நுழையாத இடத்தில் இருந்தது. குப்புறப் படுத்து ரெஞ்சைச் சுற்றினேன். சுற்றியது. இன்னும் சுற்றியது. 'டக்' வருமென்று காத்துக்கொண்டே சுற்றினேன். அது ராட்டினம்போலச் சுற்றிக்கொண்டே இருந்தது.

போல்ட்டை உருவிப் பார்த்தேன். முழுக்க வெள்ளை ஜரிகை. இன்ஜின் உட்காரும் மேடைக்குள் பதித்திருந்த அலுமினியப் பட்டையில், போல்ட்டைப் பிடிக்கும் மரை முழுவதும் உரிந்து போல்ட்டோடு வந்திருந்தது. புத்தகத்தின் எண் புதிய படகுக்கானது. இருபது வருடம் உப்புத் தண்ணீர் குடித்த அலுமினியத்துக்கு அல்ல. போல்ட்டைத் திரும்பவும் துளையில் நிறுத்திவிட்டு மேலே வந்தேன். அன்று மதியம் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை ஏழரைக்கு அரைச்சுத்து வந்தார். கேப்டன் அவருக்கு முன்பே வந்து நின்றிருந்தார். அரைச்சுத்து முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார். அசையவில்லை. இரண்டாவதும் அசையவில்லை. "யாரோ வந்து நாளிக்கிய நேத்தே வாழ்ந்துட்டுப் போயிருக்கான்" என்று முணுமுணுத்தார். எட்டாவதுக்கு ஸ்பேனர் தேவைப்படவில்லை. இரண்டு விரலில் எழுந்து வந்தது.

போல்ட்டின் ஜரிகையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு என் மேஜை மேல் இருந்த ரெஞ்ச் பெட்டியைப் பார்த்தார். இரண்டு கொக்கியில் ஒன்று திறந்திருந்தது. நான் கொக்கியைத் திறந்து வைப்பவன் அல்ல என்பது அந்தத் துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"என்ன வே?" என்றார் கேப்டன்.

நான் வாயைத் திறந்தேன். அரைச்சுத்து முந்திக்கொண்டார்.

"மரை பூடுச்சு கேப்டனு. நேத்து என் கை கொஞ்சம் ஓவராப் போய்ட்டுது."

கேப்டன் கத்தியதைச் சாலையில் போனவர்கள்கூட நின்று கேட்டார்கள். அரைச்சுத்து தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அரை மணி நேரத்தில் செய்தி டீக்கடைக்குப் போய்விட்டது. வாழ்நாள் முழுவதும் அரைச்சுற்று மிச்சம் வைத்த மனிதர், போல்ட்டை அதிகமாக முடுக்கி மரையை உரித்துவிட்டார். குடிக்காத சாமியார் கள்ளுக்கடையில் அகப்பட்டதுபோல் ஊர் மகிழ்ந்தது. "இன்னா மாமு, முழுச்சுத்து ஆய்ட்ட போல" என்று டீ ஆற்றுபவர் கேட்டார். அரைச்சுத்து, "வயசாவுதுல்ல" என்றார்.

காசிமேட்டில் மரை போன துளைக்குச் சில்லறை வைத்தியம் நிறைய உண்டு. செம்புக் கம்பியைச் சுற்றித் திணிப்பார்கள், டின் தகடு செருகுவார்கள். அரைச்சுத்து அதையெல்லாம் பல்லுக்குப் பஞ்சு வைப்பது என்பார். துளையைப் பெரிதாக்கினார், சீவலை உறிஞ்சி எடுத்தார், புது மரை வெட்டினார். டோல்கேட் பக்கத்து லேத் பட்டறைக்குப் போய், உள்ளேயும் வெளியேயும் மரை உள்ள, குட்டிக் குழாய்போன்ற ஒரு ஸ்டீல் புஷ்ஷைக் கடைந்து வந்தார். அதற்கு எபாக்சிப் பசை பூசித் துளையில் இறக்கினார். மற்ற ஏழு போல்ட்டுகளிலும் அரைச்சுற்றைத் திருப்பி எடுத்து, "கொஞ்சம் மூச்சு உடட்டும்" என்றார்.

"இப்ப முடுக்கலாமா?" என்றார் கேப்டன், பாதி அழுகையில்.

"எபாக்சி காயணும் கேப்டனு." அரைச்சுத்தின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. டப்பாவின் மேல் அச்சடித்திருந்ததையே என்னைப் படித்துக் காட்டச் சொன்னார். ஒரு நாள் காய வேண்டும் என்று இருந்தது. அவர் கட்சிக்கு முதல்முறையாக ஒரு கம்பெனியே சாட்சி சொன்னது.

எல்லோரும் போன பிறகு அவரிடம் போய், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நான் முடுக்கி உட்டேன்னா ஊரு நாலு நாளு சிரிக்கும், மறந்துடும். நீ முடுக்கி உட்டேன்னா அத நீயே மறக்க மாட்டே. நோட்டுல வேற எழுதி வெச்சிக்குவே."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. இன்ஜினும் ஷாஃப்ட்டும் கைகோக்கும் இடத்தில், மெல்லிய தகட்டை நாலு பக்கமும் விட்டு விட்டுப் பார்த்தார். எல்லாப் பக்கமும் ஒரே அளவாக நுழைந்தது. நேர்தான். ஏழு போல்ட்டுகளுக்கும் அரைச்சுற்று வைத்தார். எட்டாவதுக்கு வந்ததும் நகர்ந்து உட்கார்ந்து, ஸ்பேனரை என்னிடம் நீட்டினார்.

"நீயே வை."

ரெஞ்ச் எடுத்து வரட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். குப்புறப் படுத்தேன். மெதுவாகத் திருப்பினேன். கால்சுற்று. இன்னும் கொஞ்சம். பிடித்துக்கொண்டது. எந்த ஒலியும் வரவில்லை. என் மணிக்கட்டின் மேல் அவருடைய கை வந்து உட்கார்ந்தது. "போதும்."

நாலு மணிக்கு மகன் வந்தார். இன்ஜின் மூடி மேல் டீ கிளாஸை அவரே வைத்து, விளிம்பு வரை அவரே ஊற்றினார். கேப்டன் இன்ஜினைக் கிளப்பினார். தட்டுகள் தாளம் போடவில்லை. விசைப்படகுகளுக்கு நடுவே நெளிந்து, அலை தடுக்கும் கல்வரிசை தாண்டி வெளியே போனோம். வேகத்தைக் கூட்டச் சொன்னார் மகன். கூட்டினார். டீயின் மேல் வளையம் வளையமாகச் சுருக்கம் ஓடியது, விளிம்பில் வந்து நின்றது, திரும்பிப் போனது. நான் அந்தக் கிளாஸைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. கரை திரும்பி இன்ஜின் நின்றதும் மகன் கிளாஸைச் சுற்றி மூடியை விரலால் தொட்டு, ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு கிளாஸை எடுத்து ஆறிப்போன டீயைக் குடித்தார். "லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டுத்தான் போகணும்பா" என்றார். கேப்டனின் பல்செட் அன்று வேறு காரணத்துக்காக ஆடியது.

மறுநாள் காலை கேப்டன் இரண்டு ஆட்களோடு கிளம்பிவிட்டார். நான் நேரே டீக்கடைக்குப் போய், கூடியிருந்த எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். மரையை உரித்தது நான். தேதி, நேரம், ரெஞ்சில் வைத்த எண் எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. "பாரு, தோஸ்துக்காக ரைட்டரு பொய் சொல்றாரு" என்று டீ ஆற்றுபவர் கண் கலங்கி, எனக்கு ஒரு ஸ்பெஷல் டீ போட்டார். அரைச்சுத்து மூலையில் உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். முழுச்சுத்து என்ற பெயர் பொங்கல் வரை ஓடியது.

கேப்டன் ஒன்பதாம் நாள் தூத்துக்குடியிலிருந்து பேசினார். வழியெல்லாம் டீ சிந்தவில்லையாம். என்னிடமிருந்து போனை வாங்கி, எட்டு போல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கச் சொன்னார் அரைச்சுத்து. "அப்டியே இறுக்கிடாதே, தொட்டுப் பாரு" என்றார்.

இப்போதும் தினமும் நாலு மணிக்கு அவர் என் மேஜைக்கு வருகிறார். டிராயர் கைப்பிடியை இரண்டு விரலால் ஆட்டிப் பார்க்கிறார். டீ குடித்து, இரண்டு மடக்கை மிச்சம் வைத்து, "நாளிக்கி வந்து முடிச்சிடறேன் ரைட்டரே" என்று எழுந்து போகிறார். அந்த டிராயருக்குள்ளேயே மூன்று அளவுகளில் ஸ்க்ரூடிரைவர்கள் வைத்திருக்கிறேன். அந்தத் திருகாணியை மட்டும் நான் இதுவரை தொட்டதில்லை.