ஆனேக்கல் கொட்டகையில் செத்துப் பிழைத்த இளவரசன்

வாய்ச்சவடால் அடிப்பவனிடம் பொறுப்பான வேலையைக் கொடுக்கக்கூடாது. என் அப்பா கொடுத்தார். ஆனேக்கலில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சினிமாக் கொட்டகை இருந்தது. படங்கள் பேசாத காலம். அக்கா வீட்டுக்காரர் மிஷினைச் சுற்றுவார், அம்மா டிக்கெட் கிழிப்பார், நான் திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழிலும் கன்னடத்திலும் கதை சொல்வேன். (ஜனங்கள் வருவதே எனக்காகத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.)

அன்று லைசென்ஸ் விஷயமாகத் தாலுகா அதிகாரியான அமல்தார் தம் மனைவியோடு படம் பார்க்க வந்திருந்தார். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் கொட்டகையை இழுத்து மூட வேண்டியதுதான். படப்பெட்டியை பெங்களூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தவன் நான். சும்மா வந்தேனா? பக்கத்து சீட்டுக்காரரிடம் பெருமையடிக்க இரண்டு டப்பாக்களைத் திறந்து, பிலிமை வெளிச்சத்தில் பிடித்து இளவரசியைக் காட்டினேன். மூடும்போது நாலாம் நம்பர் மூடியும் கடைசி டப்பாவான ஏழாம் நம்பரின் மூடியும் இடம் மாறிவிட்டன.

நாலாவது டப்பாவிலேயே இளவரசன் போரில் செத்து, மனைவியான இளவரசி கதறக் கதறச் சிதைக்குத் தீயும் வைத்துவிட்டார்கள். 'இவ்வளவு சீக்கிரமா?' என்று தோன்றியது. ஆனாலும் உருகி உருகிக் கதை சொன்னேன். பெண்கள் பக்கம் ஒரே விசும்பல். அமல்தார் மனைவியும் அழுதார். அடுத்த டப்பாவில் செத்தவர் சிரித்துக்கொண்டே குதிரையில் வந்தார்!

"யோவ், இவருக்குத்தான் கொள்ளி வெச்சாச்சே?" என்றார் தரை டிக்கெட்காரர் ஒருவர்.

"இவர் தம்பி! இரட்டைப் பிள்ளைங்க!" என்று அளந்தேன்.

ஆறாவது டப்பாவில் அந்தத் 'தம்பி' இளவரசிக்குத் தாலி கட்டினான். அமல்தார் எழுந்துவிட்டார். "ஏனய்யா இது! அண்ணன் பொண்டாட்டிக்குத் தாலியா? இதுக்கா லைசென்ஸு?"

அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. "ஐயா, தம்பியும் இல்லை, ஒருத்தரும் இல்லை! நான்தான் டப்பா மூடியை மாத்திட்டேன். இவரேதான் அவரு!" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அமல்தார் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்போ இவரு சாகலையா?"

"கடைசியிலதான் சாவாரும்மா."

"கல்யாணம் ஆயிடுச்சில்ல? இதோட நிறுத்துங்கப்பா. மறுபடியும் அவரைக் கொல்லாதீங்க!"

கொட்டகையே கைதட்டியது. அமல்தாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் கையெழுத்துப் போட்டார். அப்பாடா! போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அந்தப் படம் ஓடியவரை, இளவரசன் எங்கள் ஊரில் நடுவில் செத்துக் கடைசியில் கல்யாணம் செய்துகொண்டான். வேறு மாதிரி காட்ட ஜனங்கள் விடவில்லை.

போன வருஷம் எனக்கு வயிற்றில் ஆபரேஷன். டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போக, பிள்ளைகள் கலங்கி நின்றார்கள். அக்கா மட்டும் அசையவில்லை. "போங்கடா! நாலாவது டப்பாவுல எரிச்சவனையே ஆறாவதுல மாலையும் கழுத்துமா நிக்க வெச்சவன் இவன். இவனாவது சாகறதாவது!"