ரத்தம் எடுக்கப் போன இடத்தில் ரோபோ

பெருங்களத்தூர்

மதிப்பிற்குரிய சகலை பாலு அண்ணன் அவர்களுக்கு, ஜெயகிருஷ்ணன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும், உங்கள் கொழுந்தியாள் தீபாவும், குழந்தை ஸஹானாவும் நலம். அங்கு அக்காவும் உங்கள் திருமுடிவாக்கம் பட்டறையும் நலமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படிக்காமலே கட்டைவிரலைக் காட்டிவிடுவீர்கள் என்பதால் தாளில் எழுதுகிறேன்.

"ரோபோ இன்னா பண்ணும்? பட்டறைல வெல்டிங் வெக்கும். கொழந்தைக்கு ஆறுதல் சொல்லுமா?" என்று சிரித்தீர்களே, சொல்லிவிட்டது! ஸஹானாவுக்கு டான்சில் ஆபரேஷன் செய்வதற்குமுன் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்பதும், இரண்டு முறையும் ஊசியைக் கண்டு அவள் அலறிக்கொண்டு லிஃப்ட் வரை ஓடியதும் உங்களுக்குத் தெரியும். இந்த முறையும் ஓடினால் ஆபரேஷன் தள்ளிப்போகும், குழந்தையோ எச்சில் விழுங்கவே அழுகிறாள், அதனால்தான் குழந்தைகளிடம் பேசும் ரோபோ வைத்திருக்கும் ஆஸ்பத்திரியாகத் தேடிப் போனோம். போனால், ரோபோவைச் சுற்றிக் குழந்தைகளைவிடப் பெற்றோர் கூட்டம். கீழ்க்கட்டளையிலிருந்து வந்த ஓர் அம்மா, "இவன் செல்லைக் கீழயே வெக்க மாட்டேங்கிறான், நீ கொஞ்சம் மெரட்டு" என்று அதனிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் அறியாமையை எண்ணிச் சிரித்துக்கொண்டேன். என் முறை வந்ததும், ஸஹானா பால் குடிக்க வேண்டும், வாய்ப்பாடு படிக்க வேண்டும், ஹிந்தி கிளாஸுக்கு ஒழுங்காகப் போக வேண்டும் என்று மட்டும் சுருக்கமாக எடுத்துச் சொல்லச் சொன்னேன். அது கண்ணைச் சிமிட்டி, "நான் ஸஹானாவோட ஃப்ரெண்டு சார். கூட இருக்கத்தான் வந்தேன்" என்றது. நர்ஸ் எப்சி, "அது டியூஷன் எடுக்காது சார்" என்று என்னைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். இவ்வளவு பெரிய கட்டடம் கட்டி வெறும் ஃப்ரெண்டா என்று எனக்குக் கடுப்புதான்.

ஆனால் அண்ணா, ஊசி குத்தியபோது ஒரு சத்தம் இல்லை! என் மகள் ராணி மாதிரி கையை நீட்டினாளாம். பெருமையில் எனக்குக் கண்ணே இருட்டிக்கொண்டு வந்தது. ரத்தம் எடுத்தாகிவிட்டது, வெள்ளிக்கிழமை ஆபரேஷன். எல்லாம் ரோபோ கொடுத்த தைரியம். இனியாவது நீங்கள் விஞ்ஞானத்தை மதிக்க வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும் சொல்லவும்.

தங்கள் அன்புள்ள,
ஜெயகிருஷ்ணன்

பி.கு.: அத்தான், தீபா எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், படித்துவிட்டேன். இவருக்குக் கண் இருட்டியது பெருமையில் அல்ல. ஊசி உறையைப் பிரித்ததுமே நாற்காலியில் சரிந்துவிட்டார். ரோபோ ஸஹானாவிடம்தான் கையை நீட்டியது. அவள், "எனக்கு வேணாம். எங்கப்பா பயந்துட்டாரு, நீ போய் அவர் கையப் புடிச்சுக்கோ" என்று அதை அனுப்பிவிட்டு, தனியாகவே நர்ஸிடம் கையை நீட்டினாள்.