பெஞ்சுக்குத் தண்ணீர்

மரவேலையைப் பொழுதுபோக்காகக் கொண்டவனுக்கு முதல் எதிரி நான்காவது கால். மூன்று கால்கள் தரையைத் தொட்டுவிடும். நான்காவது அந்தரத்தில் நின்று நம்மைப் பார்த்துச் சிரிக்கும். மற்ற மூன்றையும் கொஞ்சம் அறுப்போம். இப்போது வேறொன்று சிரிக்கும். இப்படி அறுத்து அறுத்து, ஸ்டூலாகத் தொடங்கிய ஒன்றை நான் சப்பாத்திப் பலகையாக முடித்திருக்கிறேன். (நன்றாக உழைக்கிறது.)

ஆகவே வீட்டுக்குப் பின்னால் பெஞ்சு போட நினைத்தபோது, அறுக்கும் வேலையையே ஒழித்தேன். பக்கத்து வீட்டில் வெட்டிப் போட்டிருந்த பூவரசங்கிளைகளில் தடியான நான்கைக் கொண்டுவந்து மண்ணில் ஆழமாக நட்டேன். உயரமானதைச் சுத்தியலால் அடித்து இறக்கினேன். மேலே ஒரு பலகை, நான்கு திருகாணி. ஆடவே இல்லை!

மரம் காய்ந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது என எங்கள் மரவேலை வாட்ஸப் குழுவில் நடுவதற்கு முன்பே கேட்டிருந்தேன். "கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் ஈரம்" என்றார் ஒருவர். வைத்தேன். சில்லென்றுதான் இருந்தது. ஆனால் அது எங்கள் ஊர் மலையிலிருந்து காற்று இறங்கும் வேளை. மலைக்கோயில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. கிளையில் பச்சை வாசனை. கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றேன். சில்லிப்பு காற்றினுடையது என்று முடிவு செய்தேன்.

பிறகு மழைக்காலம். மழை விட்ட மாலைகளில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, மலை மேகத்துக்குள் போய்ப்போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெஞ்சுக் காலோரம் ஏதோ துளிர் தெரிந்தது. களை என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் மகள் பவித்ராவைப் பெண் பார்க்க ஆந்திரப் பக்கம் நகரியிலிருந்து வந்தார்கள். முன்பு வந்த இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. இந்தப் பையனை அவளுக்குப் போட்டோவிலேயே பிடித்திருந்தது. காலையிலேயே சொல்லிவிட்டாள்:

"நைனா, இன்னிக்கி மட்டும் நீ ஒண்ணும் பண்ணாத."

நான் ஒன்றும் பண்ணவில்லை. பெஞ்சைக் காட்டினேன், அவ்வளவுதான்.

"கையால செஞ்சதா! காத்தும் நல்லா வருது. இங்கியே உக்காரலாங்க" என்றார் பையனின் அப்பா. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தூறல். எழுந்தவர், "பெஞ்ச உள்ள தூக்கினு போய்டலாமா?" என்று தானே ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையில் என் மச்சான் சேகர்.

"இன்னா பாவா, சிமெண்ட்டு போட்டு நட்டீங்களா?"

"சும்மா மண்ணுலதான் நட்டேன், இழுத்தா வந்துடும். காஞ்ச மரம்ல? கனமாதான் இருக்கும்" என்றேன், நிபுணன் குரலில்.

இருவரும் மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். திருகாணிகள் கிறீச்சிட்டன. பலகை பிய்த்துக்கொண்டு வந்தது. பையனின் அப்பா அதை மார்போடு அணைத்தபடி, வெள்ளை வேட்டியோடு சேற்றில் மல்லாந்தார். கூடவே பிடுங்கிக்கொண்டு வந்த ஒற்றைக் காலின் அடியில், வெள்ளை வெளேரென்று தாடி மாதிரி வேர்.

பையனின் அம்மா குனிந்து பார்த்தார். "அய்ய, இது பெஞ்சு இல்லீங்க. இவரு தோட்டம் வெச்சிகினு கீறாரு!"

யாரும் சிரிக்கவில்லை. என் மனைவியின் பக்கம் நான் திரும்பவில்லை. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பவித்ராவின் முகத்தைப் பார்த்தேன். மூன்றாவது இடமும் போயிற்று என்பது அதில் தெரிந்தது.

வந்ததிலிருந்து வாய் திறக்காத பையன், நட்டபடி நின்ற ஒரு காலிலிருந்து இலை ஒன்றைக் கிள்ளினான். சுருட்டினான். நுனியை நசுக்கி வாயில் வைத்து ஊதினான். பீ...ப்!

ஜன்னலுக்குள்ளிருந்து பவித்ராவின் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சேற்றில் உட்கார்ந்தபடியே அவன் அப்பா கையை நீட்டினார். "இப்பிடி குடுடா. ஊதத் தெரியல உனுக்கு." அவர் ஊதியது தெருமுனை வரை கேட்டது.

கல்யாணம் நிச்சயமானது. சம்பந்தியம்மா போகுமுன் அந்த ஒற்றைக் காலைத் தம் கையாலேயே திரும்ப நட்டுவிட்டுப் போனார்.

இன்றும் நகரியிலிருந்து போன் வந்தால் முதல் கேள்வி இதுதான்: "நைனா, பெஞ்சுக்கு தண்ணி ஊத்தினியா?"

"ஆங், ஊத்திட்டேம்மா."

பெஞ்சு இப்போது கூரையைத் தாண்டிவிட்டது. மாலையில் அதன் நிழலில் கடையில் வாங்கிய நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டு மலையைப் பார்க்கிறேன். நான்கில் ஒன்று மட்டும் இன்னும் குட்டை.