குந்தவையின் கொல்லை மறைப்பு

"காக்கா! சூ! போ!" என்று குந்தவை இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வீசினாள்.

கொல்லைத் தாழ்வாரத்தில் காக்கை எதுவும் இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வாளியும் கையுமாக நின்றிருந்த தங்கம்மாளுக்கும் அது நன்றாகவே தெரிந்தது.

"காக்கா எங்கடி?"

"இப்பத்தான் பறந்துச்சுக்கா."

"இடுப்ப ஆட்டியா வெரட்டுன?"

"கொஞ்சம் பிடிவாதமான காக்காக்கா."

தண்ணீர் மொள்ள வந்த தங்கம்மாள் வெறும் வாளியோடு திரும்பிப் போனாள். குந்தவைக்கு வியர்த்துக் கொட்டியது. சுவரில் சாய்த்து வைத்திருந்த செல்போன் வீடியோவுக்குள் மகளின் தோழி தமிழ்நிலா மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் ஆடிக்கொண்டே இருந்தாள்.

விஷயம் இதுதான். ஆவணி முதல் முகூர்த்தத்தில் சென்னையில் வேலை பார்க்கும் குந்தவையின் ஒரே மகள் மதிவதனிக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் குடவாசல் மண்டபத்தில் வரவேற்பு. அந்த மேடையில் குந்தவை ஆடப் போகிறாள்! கூட்டுறவுச் சங்கத்தில் உரம் கேட்டு வருகிறவர்கள் கவுண்ட்டரில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வரேங்க" என்று நழுவிவிடுவது வழக்கம். அப்பேர்ப்பட்ட குந்தவை, பட்டுப் புடவையோடு, தவில் அதிரும் பாட்டுக்கு!

"எங்கம்மாவுக்குச் சிரிக்கவே வராதுடி" என்று லீவில் வந்திருந்த மதிவதனி ஒருநாள் போனில் தோழியிடம் சொன்னதைக் குந்தவை காதால் கேட்டுவிட்டாள். கேலிதான். ஆனாலும் அது உள்ளே போய்த் தைத்துக்கொண்டது. மகள் புகுந்த வீட்டுக்குப் போவதற்குள் அதைப் பொய்யாக்கிவிட வேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது. அந்தத் தோழி தமிழ்நிலாவையே பிடித்தாள். அவள்தான் சென்னையில் ஆடிப் படம் பிடித்து அனுப்பினாள், "ஆன்ட்டி, மதிக்கு மூச்சு விடக் கூடாது" என்ற கண்டிப்போடு.

மதிக்குத் தெரியக் கூடாதென்றால் தெருவுக்குத் தெரியக் கூடாது. தெருவில் பாதிப் பேர் தினமும் மதியோடு வாட்ஸப்பில் பேசுகிறவர்கள்.

வீட்டுக்குள் ஆடலாம் என்றால் கூடம் முழுக்க நெல் மூட்டை. அறை முழுக்கச் சீர்ப் பாத்திரம். ஒருதரம் உள்ளே சுற்றிப் பார்த்ததில் குத்துவிளக்கு உருண்டு, கணவர் இளையபெருமாள் வயலிலிருந்தே "என்ன சத்தம்?" என்று போன் செய்தார். மிச்சமிருந்தது கொல்லைத் தாழ்வாரம் ஒன்றுதான். அதற்கும் எதிர்க்கரையில் ஊர்க்கண் அத்தனையும் இருந்தது.

மறுநாள் தங்கம்மாளோடு பக்கத்து வீட்டுத் தையல்காரி கமருன்னிஸாவும் வந்து நின்றாள். அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு பேர். எல்லோர் வீட்டிலும் திடீரென்று துவைக்கிற துணி பெருகிவிட்டது போல.

"என்னங்க, கொல்லைப் பக்கம் ஒரு மறைப்பு கட்டணும்" என்றாள் கணவரிடம்.

"இத்தன வருஷம் இல்லாத மறைப்பு இப்ப எதுக்கு?"

உண்மையைச் சொல்ல முடியாது. இளையபெருமாள் காதில் போட்ட சங்கதி டீக்கடை வழியாக மாலைக்குள் திருவாரூரைத் தாண்டிவிடும்.

"சம்பந்தி வீட்டு ஆளுங்க வந்தா காத்தாட உக்கார வேணாமா? வாய்க்கால்ல குளிக்கிறவங்கள பாத்துக்கிட்டா பலகாரம் திம்பாங்க?"

"அது சரி. ஆனா காசு கேக்காத. கல்யாணத்துல கை வச்சப்புறம் எங்கிட்ட காத்துதான் மிச்சம்."

குந்தவை சளைக்கவில்லை. பீரோவைக் குடைந்து பழைய புடவைகளை எடுத்தாள். மாம்பழ மஞ்சள், கத்திரிப்பூ நிறம், கிளிப்பச்சை. தூணுக்குத் தூண் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டாள். தாழ்வாரம் கல்யாண மேடை மாதிரியே ஜொலித்தது! சந்தோஷம் தாங்கவில்லை. கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு பாட்டைப் போட்டாள். முதல் சுற்று சுற்றினாள்.

ஆடிக் காற்று என்று ஒன்று இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரே வீச்சு. கயிறு அறுந்து, புடவைகள் அத்தனையும் புதுத்தண்ணீர் ஓடும் வாய்க்காலில் வரிசை கட்டி மிதந்து போயின. மறைப்பு இல்லாத தாழ்வாரத்தில், ஒரு கை இடுப்பிலும் ஒரு கை ஆகாயத்திலுமாகக் குந்தவை நின்றாள்.

தெருவே வாய்க்காலில் இறங்கிப் புடவை பிடித்தது. பிழிந்த புடவையோடு வந்த ஒவ்வொருத்தியும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"மறைப்பு எதுக்குக்கா?"

"வெயிலுக்கு."

"வெயில் வாசப்பக்கம்ல அடிக்குது?"

இளையபெருமாளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "துணியெல்லாம் நிக்காது. நா பாத்துக்கறேன்" என்று கிளம்பினார். பட்டுக்கோட்டையில் அவருக்குத் தெரிந்த தோப்புக்காரர் ஒருவர் உண்டு. மறுநாள் காலையில் ஒரு குட்டியானை வண்டி தெருவுக்குள் நுழைந்தது. அதில் அன்றைக்கு முடைந்த பச்சைக் கீற்று ஒரு கட்டு, நீளமான மூங்கில் இரண்டு. வாசலில் இறக்கிப் போட்டுவிட்டு இளையபெருமாள் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார்.

குந்தவை உள்ளே அரிவாள்மணையோடு உட்கார்ந்திருந்தாள். பச்சைக் கீற்றும் மூங்கிலும் சேர்ந்து ஒரு வீட்டு வாசலில் இறங்கினால் டெல்டாவில் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு தேம்பல். பிறகு, "போயிட்டியா மகராசா!" என்று தங்கம்மாளின் குரல் ஓங்கி எழுந்தது.

குந்தவை ஓடி வந்தாள். வாசலில் தெருவே திரண்டிருந்தது. யாரோ மாலைகூட வாங்கி வந்துவிட்டார்கள். கமருன்னிஸா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் நேத்துகூட நல்லா பேசினாங்களேக்கா!"

"எந்த அண்ணன்?"

அதற்குள் இளையபெருமாள் மண்வெட்டியோடு டிவிஎஸ் வண்டியில் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்ததும் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பக்கத்தில் நின்றவரிடம் மெல்லக் கேட்டார்.

"யாருங்க தவறிட்டது?"

தங்கம்மாளின் ஒப்பாரி பாதியில் நின்றது. அதன் பிறகு நடந்ததைச் சொல்லாமல் விடுவதே மரியாதை. அந்த மாலையை இளையபெருமாளுக்கே போட்டு, ஆரத்தி எடுத்து, திருஷ்டி கழித்தார்கள். கல்யாண வீட்டில் அந்தப் பாடைக் கீற்று ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது என்று மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள்.

கல்யாணமோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஆட்டம் பாதியில் நின்றது. குந்தவைக்கு இரவில் தூக்கம் வரவில்லை, பகலில் சோறு இறங்கவில்லை. சங்கத்தில் யூரியா மூட்டைக்கு ரசீது போடும்போதுகூட கால் மேஜைக்கடியில் தாளம் போட்டது. இந்தத் தடவை யாரையும் நம்பாமல் அவளே குடவாசல் போய், ப்ளெக்ஸ் கடை இப்ராஹிமிடம் கேட்டாள்.

"பழைய பேனர் ஏதாச்சும் இருக்கா தம்பி? பெருசா."

"எடுத்துக்கங்கக்கா. போன மாசம் ஒரு கடை திறப்பு விழாவுக்கு அடிச்சது. அவங்க வந்து வாங்கவே இல்ல. காசெல்லாம் வேணாம்."

காற்றுக்கு அசையாது, ஊர்க்கண்ணுக்கு உள்ளே தெரியாது, காசும் இல்லை! குந்தவை பஸ்ஸில் அதைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். தாழ்வாரத்தின் நீளத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி அது பொருந்தியது. வெள்ளைப் பக்கம் வெளியே, படம் உள்ளே. நாலு மூலையிலும் கம்பி போட்டு இறுக்கிவிட்டுப் பாட்டை வைத்தாள்.

திரும்பினால் எதிரே ஒரு ஆள். பெரிய மீசை, வெள்ளைச் சட்டை, கூப்பிய கை. கடை முதலாளி. ஆளுயரத்தில் அவளையே பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார். அவள் இடப்பக்கம் போனால் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் போனால் வலப்பக்கம் பார்த்தார். இடுப்பை அசைக்கவே வரவில்லை. கை தானாக முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டது.

"சீ, இந்த ஆளு முன்னாடி எப்படி ஆடுறது!" என்று கம்பியை அவிழ்த்து, பேனரைத் திருப்பி, மீசையை வாய்க்கால் பக்கம் பார்க்கக் கட்டினாள்.

இப்போது உள்ளே பளிச்சென்ற வெள்ளைச் சுவர். என்ன நிம்மதி! குந்தவை ஆடினாள். ஆடி ஆடி முதல் பாதியைத் தப்பில்லாமல் முடித்தாள். இடுப்பு பேசியது, கை பேசியது, முகம்கூடச் சிரித்தது. இரண்டாவது பாதிக்குச் செல்போனில் தமிழ்நிலாவைத் தட்டப் போகும்போது கொல்லைப் படல் திறக்கும் சத்தம் கேட்டது.

மூங்கில் பாலம் தாண்டித் தங்கம்மாள் வந்துகொண்டிருந்தாள். பின்னால் கமருன்னிஸா. அவர்களுக்குப் பின்னால் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர்.

"எங்க வந்தீங்க எல்லாரும்?" குந்தவை போனை முந்தானைக்குள் மறைத்தாள்.

"நீதானடி கூப்புட்ட?" தங்கம்மாள் பேனரைக் காட்டினாள்.

குந்தவை வெளியே போய்ப் பார்த்தாள். மீசைக்காரரின் தலைக்கு மேலே, மீசையையே பார்த்ததில் அவள் கவனிக்காமல் விட்டது, எதிர்க்கரையில் இருந்து படிக்கும்படி முழ நீள எழுத்தில் இருந்தது: 'அனைவரும் வருக! வருக!'

அவ்வளவுதான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தாழ்வாரத்துப் படியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"என் வீட்டுக் கொல்லையில நா ஒருநாள் நிம்மதியா இருக்கக் கூடாதா? பெத்த பொண்ணுக்கு ஆசையா ஒன்னு செய்யணும்னு நெனச்சேன். அவளுக்குத் தெரியாம செய்யணும்னு நெனச்சேன். அது ஒரு தப்பா? இப்படி மொறைச்சு மொறைச்சுப் பாத்தா மனுஷி எங்க போயி..."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் கமருன்னிஸா மெல்ல முன்னால் வந்து, புடவையை ஒரு விரல் அளவு தூக்கிக் காலைக் காட்டினாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா, கல்யாணத்துக்குத்தான் ஆடுறீங்கன்னு மொத நாளே புரிஞ்சுபோச்சு, மதிக்கிட்ட யாரும் மூச்சு விடல, ஆனா அந்தச் சுத்து முடிஞ்சதும் வைக்கிறது எடது காலா வலது காலா? எதிர்க்கரைலேருந்து பாத்துக் கத்துக்கிட்டு, மண்டபத்துல ஒங்க பின்னால ஆடுறதுக்கு நிக்கிற அத்தன பேரும், நீங்க மறைப்பு கட்டுன நாள்லேருந்து ஒத்தக் கால்லயே நிக்கிறோம்!"