சுவர் டாக்டர்

ஆளின் முகத்தை மறந்துவிட்டு இதயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவரும் புனேக்கு வந்து, நான் டைப்பிஸ்டாக இருந்த ஆஸ்பத்திரியில் என் தலையில்தான் விடிந்தார்.

எண்பதுகளின் நடுப்பகுதி. இதயத்தை ஒலி அலையால் படம்பிடிக்கும் எக்கோ மெஷின் எங்களிடம் புதிதாக வந்திருந்தது. அதோடு குடும்பமே நடத்தியவர் எங்கள் திருநெல்வேலி டாக்டர். ரத்த அழுத்தம் ஏறினால் இதயத்தின் இடது சுவர் தடிக்கும். அந்தத் தடிப்பை, ஆள் உயிரோடு இருக்கும்போதே கண்ணால் பார்க்க முடிகிறதே என்ற சந்தோஷம் அவரைத் தரையில் நிற்க விடவில்லை. வாயைத் திறந்தால் சுவர்தான். அதனால் எங்களுக்கு அவர் சுவர் டாக்டர்.

மெயின் ஸ்ட்ரீட்டில் யாராவது கும்பிட்டால் திருதிருவென்று விழிப்பார். பிறகு திடீரென்று முகம் மலர்ந்து, "நீங்க அந்தத் தடிச்ச சுவர்தானே!" என்று கடைத்தெருவே திரும்பிப் பார்க்கக் கட்டிப்பிடிப்பார்.

கேம்ப் பகுதியில் கசாப்புக் கடைக்காரர் அவரைத் தூரத்தில் கண்டதுமே, "டாக்டர் சாப் ஆயா, தில் நிகாலோ!" என்று, இதயத்தை எடுத்து வைக்கச் சொல்லி, பையனுக்குக் குரல் கொடுப்பார். ஆட்டு இதயத்தைக் குறுக்கே அறுத்து நோயாளிகளுக்குப் பாடம் நடத்துவது டாக்டரின் வழக்கம். ஒருநாள் அவருடைய டிபன் டப்பாவை என்னுடையது என்று நினைத்துத் திறந்துவிட்டேன். அதன்பிறகு வெகுநாள் எனக்கு மதியச் சாப்பாடு வடா பாவ்தான்.

இருட்டறையில் ஒரு மராத்தி வாத்தியாரின் இதயம் திரையில் தெரிந்ததும், "கிதி சுந்தர்!" என்று டாக்டர் அலறினார். வாத்தியார் துள்ளி எழுந்து, "காய் ஜாலா, டாக்டர்?" என்று என்ன ஆனதோ எனப் பதறினார். உங்கள் இதயத்தைத்தான் எவ்வளவு அழகு என்று சொன்னேன் என்று விளக்கிய பிறகு வாத்தியாருக்கு வெட்கம் வந்துவிட்டது.

இந்த மனிதரிடம்தான் என் தேவராஜ் மாமாவை இழுத்துக்கொண்டு போனேன். மாமா அம்மாவின் தம்பி. கட்கியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை, மற்ற நேரமெல்லாம் பளு தூக்குவது. தலைவலி என்று வந்தவருக்கு ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது.

"அடேயப்பா, என்னா சுவர்வே!" என்றார் டாக்டர், திரையைப் பார்த்து.

மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "மசில் பெருத்துக்கீதுன்னா நல்லதுதானே சாப்?"

"கை மசில் பாரத்தைக் கீழ வச்சா ஓய்வெடுக்கும்வே. இது வைக்க முடியாம தள்ளிக்கிட்டே கெடக்கு. சுவர் தடிச்சா உள்ள எடம் கொறையும். உம்ம குவார்ட்டர்ஸ்ல சுவரை உள்பக்கமா கனமாக் கட்டிட்டா கட்டிலை எங்க போடுவீரு?"

"கட்டில் இல்ல சாப், பாய்தான்."

மாமா மாத்திரையைத் தொடவில்லை. எனக்கு இதயத்திலும் மசில் இருக்கிறது என்று தொழிற்சாலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பர்வதி குன்று ஏறினோம். பாதிப் படியில் மாமா உட்கார்ந்துவிட்டார். மூச்சு விட முடியவில்லை. உதடு நீலம் பாரித்தது. அத்தை போட்ட கூச்சலில் முன்பின் தெரியாதவர்கள்தான் அவரைத் தூக்கிக் கீழே கொண்டுவந்து ரிக்ஷாவில் ஏற்றினார்கள்.

மாமா ஆஸ்பத்திரியில் தேறிய பிறகு டாக்டர் திட்டுவார் என்று பயந்திருந்தோம். அவரோ சட்டையைக் கழற்றிவிட்டு, மாமாவின் படுக்கையில் தானே படுத்து, எலும்பு தெரியும் தன் நெஞ்சில் எக்கோ கருவியை வைத்து அழுத்தினார்.

"பாரும்."

திரையில் அவருடைய இதயம் சுருங்கியது, பிறகு தாராளமாக விரிந்தது. அடுத்து மாமாவைப் படுக்க வைத்துக் காட்டினார். தடித்த சுவர்களுக்கு நடுவே ரத்தம் முண்டியடித்தது. மாமா வெகுநேரம் பார்த்தார்.

"ஊதினா பறந்துடுவீங்க போலகீது. உங்கள்து எப்படி விரியுது! நம்மள்து ஏன் சாப் இப்படிக் கஷ்டப்படுது?"

"அது தூக்குத பாரத்தைக் கொறையும்வே. மாத்திரையைப் போடும்."

போட்டார். கிண்ணத்தில் போட்டுச் சாப்பிடும் ஊறுகாயையும் விட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய பிறகு மறுபடி எக்கோ.

டாக்டர் சுவரை அளந்தார். பேசவில்லை. மறுபடி அளந்தார். அவர் வாய் மூடியிருந்து நான் பார்த்ததே இல்லை. மாமா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"எறங்கிட்டுவே! தடிப்பு எறங்கிட்டு!"

படம் அச்சான காகிதச் சுருள் வால்போல இழுபட, வராந்தாவில் ஓடினார். வாட்ச்மேனிடம் காட்டினார். வாசல் ரிக்ஷாக்காரர்களிடம் தமிழிலேயே விளக்கினார். அவர்கள் ஒன்றும் புரியாமல் கை தட்டினார்கள்.

திரும்பி வந்து மாமாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காகிதச் சுருளாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமா பிழைத்துவிட்டார் என்று எங்கள் குடும்பத்தில் முதலில் அழுதவர் அவர்தான். அன்றிலிருந்து அவரை வேற்றாளாக நினைக்க எனக்குத் தெரியவில்லை.